வீரமாமுனிவரும் கொம்பின் சுழியும்

தென்காசி என்னும் ஊர்ப்பெயரும், அதனை அடுத்த குற்றால மலைமேல் வீழும் தேனருவியின் பெயரும் வெவ்வேறு எழுத்தால் தொடங்குவன என்பதைச் சிறுவரும் அறிவர். முந்நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரோ, அவ்விரண்டும் ஏட்டில் ஒரே வடிவினவாய் நின்றன. கடந்த சாரற் பருவத்தில் யாம் மாணவர் ஐவர் குற்றாலத்தில் நீராடி மீளுங்கால், தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலிலுள்ள பழைய கல்வெட்டுக்களைப் படிக்க முயன்று, ஒருவர் குறிலென்ற எழுத்தை மற்றவர் நெடிலென்று வாதிட்டு, முடிவு காணாது திரும்பினோம். இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க முற்பட்டவர் ஓர் இத்தாலியர் என்பதை எண்ணி வியந்தே, அவர் வரலாற்றை ஈண்டு வரையப் புகுந்தோம்.

கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி என்னும் இயற்பெயருடைய வீரமாமுனிவர், 1680 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8 ஆம் நாள் இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். 1698 இல் இயேசு சபையைச் சார்ந்தார். 1710 இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டில், தென்காசிக்கு வடகிழக்கே கோவிற்பட்டியை அடுத்துள்ள காமநாயக்கன்பட்டியை அடைந்தார். 1714, 1715 ஆம் ஆண்டளவிற் கொலைத்தண்டனைக்கு ஆளாகி அரிதின் உயிர் தப்பினார். அத்தண்டனை நிறைவேறியிருப்பின், 3615 பாக்களாலாய தேம்பாவணியும் இல்லை. தொன்னூல் விளக்கமும் இல்லை. நம் எழுத்தின் வடிவம் இன்று யாதாயிருக்கும் என்று சொல்லுதற்கும் இல்லை.

'கொள்' என்னும் வினையை நோக்குக. கைப்பற்றலும், விலைக்கு வாங்கலும், மணத்தலும், கருதுதலும், கலம் தன்னகத்து அடக்கலும் அஃதொன்றே. பிறவினைகளின் பின் துணையாய் நிற்பதும் அதுவே. பெயராயவழிக் குதிரைக்கு இடும் பயறும் ஆம். இத்துணைப் பொருளும் போதாவென்று எழுத்தும் இடர் செய்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையிற் புள்ளி குத்தின் ஓலை கிழியும். ஆதலின் எழுதுவோர் அதனை விட்டனர். காலும் ரகரமும் ஒரு வடிவின. ஆகவே ஏட்டிலுள்ள அச்சொல்லைக் கொள் எனலாம், கொள எனலாம், கோள் எனலாம். காலை ரகரமாக்கின், மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தின் முதல் மூன்றெழுத்தும் ஆம்! இடம் நோக்கி அறிக என்று புலவர் அமைந்தனர். முனிவர் அமைந்திலர். பழகிய கண்ணுக்குத் தோன்றாத குறை, பிறமொழியாளர் கண்ணை உறுத்தியது போலும். கொம்பின் தலையைச் சுழித்து நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்தார்.

இச்சுழிக்கும், அவர் 1732 இல் முடித்த சதுரகராதிக்கும் தொடர்புண்டென்பது எம் கருத்து. நிகண்டைச் செய்யுளாக நெட்டுருச் செய்வார்க்கு எழுத்து ஐயுறத்தக்கதாயினும் கேடில்லை, செவி காக்கும். அகரவரிசையிற் கண்ணால் தேடுவானுக்கோ, குறிலின்கீழ்த் தேடுவதா நெடிலின்கீழ்த் தேடுவதா என்று தெரிந்தாலன்றிச் சொல் அகப்படாது. (ரேவண சித்தரின் அகராதி நிகண்டு 1594 இலேயே அகரவரிசையில் எழுந்தது, ஆயினும் அதுவும் பாவடிவினதே.) முனிவர் தம் நூலைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து, ஒரு சொற்குரிய பல பொருளை முதற்பகுதியிலும், ஒரு பொருட்குரிய பல சொற்களை இரண்டாவதிலும் வைத்தார்.

ஆங்கிலத்திற் சான்சன் தம் பேரகராதியை வெளியிட்டு, 'டேக்' என்னும் சிறு வினைக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொருள் காட்டியது 1755 இல். சதுரகராதிக்கு இருபத்துமூன்று ஆண்டு பின்னர். அம்மொழியிலும் எழுத்து நிலைபெற நாளாயிற்று. காட்டுதல் எனப் பொருள்படும் 'ஷோ' என்னும் வினை, 1611 ஆம் ஆண்டு வேதாகம மொழிபெயர்ப்பில் 'ஓ' எழுத்துக்கு மாறாக 'ஈ' எழுத்துடன் நிற்றலை இன்றும் காணலாம்.

முனிவர் மறைந்த ஆண்டு 1742 என்பாரும் 1747 என்பாரும் உளர். சதுரகராதி முழுமையும் சென்னையில் அச்சேறியது 1824 இல். அப்பொழுது ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டுகட்கு மேலாயின.