டாக்டர் பி. இராமமூர்த்தி

சென்ற ஆடி மாதம் புணே கர்வே சாலையில், மழைச் சேற்றில் ஸ்கூட்டர் சறுக்கி என் அறைத்தோழனுக்குத் தலையில் அடிபட்டது. ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் நினைவு தெளிந்தவன் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினான். தலைக்காயத்தில் நீர் அதிகமானால் மூளை வீங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். டம்ளரை ஒளித்து வைத்தேன். சிறுநீர்ப் பை நிரம்பி நிரம்பி வருவதைக் கண்ட செவிலியர்தாம் மருத்துவரை அழைத்தார்.

மூளையின் அடியில் பட்டாணியளவில் தொங்குவது பிட்யூட்டரி. அதன் காம்பு அடியில் பழுதுபட்டால், சிறுநீரகத்துக்கு நீரைக் காக்கச் சொல்லும் வாசோபிரசின் குறைந்துவிடும். குடித்ததெல்லாம் வெளியேறும், இரத்தத்தில் சோடியம் ஏறும். சிலருக்கு நேர்மாறாக வாசோபிரசின் மிகுந்து, நீர் தேங்கி, சோடியம் இறங்கி மூளை வீங்கும். முன்னவருக்கு நீரே மருந்து. பின்னவருக்கு அதுவே நஞ்சு. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தே எதுவென்று அறியவேண்டும். நானோ சோதனையின்றித் தீர்ப்பளித்தேன். அறிவியல் மாணவன் அன்றோ!

இதை விளக்கிய மராத்தி மருத்துவர், தாம் படித்த பாடநூல் இராமமூர்த்தியும் டாண்டனும் தொகுத்தது என்றும், அவர் எங்கள் ஊர்க்காரர்தாமே என்றும் கேட்டார். எனக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. பிறகே தேடிப் படித்தேன்.

இராமமூர்த்தி 1922 ஜனவரி 30இல் சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1947இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பெற்றார். அந்நாளில் நம் நாட்டில் மூளை அறுவைக்கெனத் தனித்துறை இல்லை. அவர் நியூகாசிலில் ரோபாட்டம் என்பவரிடம் சேர்ந்தார். தலைக்காயம் பற்றியே 1942இல் நூல் எழுதியவர் ரோபாட்டம். இதைவிடப் பொருத்தமான ஆசான் எங்கே கிடைப்பார்?

1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவைத் துறையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28. முந்திய ஆண்டுதான் வேலூரில் ஜேக்கப் சாண்டி தொடங்கியிருந்தார். சி.டி. ஸ்கேன் வந்தது 1970களில். அதுவரை நினைவு, நாடி, கண்ணின் பாவை, கழுத்துத் தமனியில் மருந்தேற்றி எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றைக் கொண்டே மண்டைக்குள் எங்கே இரத்தம் கட்டியிருக்கிறது என்று கணிக்கவேண்டும். கணிப்புத் தவறினால் உயிர் போகும். அத்துணிவை என்னால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

1951இல் சாண்டி, நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினார். 1973இல் பத்ம பூஷண் பெற்றார். 1980இல் அந்தப் பாடநூல் வெளிவந்தது. 2003 டிசம்பரில் அவர் மறைந்தபோது நான் தவழும் குழந்தை.

தோழனுக்கு டெஸ்மோபிரசின் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் தாகம் அடங்கிற்று. அவன் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து, பிள்ளையைக் காத்தவன் என்று எனக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டார். டம்ளரை ஒளித்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.