டோனாவூர் அம்மா

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு வகைப்படும் என்பதை நம் சமயத்தார் இளமையிலேயே பாடமாகக் கேட்டிருக்கிறோம். முதல் மூன்றையும் செய்வோர் பலர். அபயதானம் செய்வோர் சிலரே. அஞ்சி வந்த ஓர் உயிருக்கு இடங்கொடுத்தால், அந்த அச்சத்தில் ஒரு பங்கு இடங்கொடுத்தவர் தலையிலும் விழும். அவ்வாறு விழுந்ததைப் பின்வாங்காமல் சுமந்த ஓர் அயல்நாட்டுப் பெண்மணியின் வரலாறு இது. அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அறிய வேண்டியவர்.

ஏமி கார்மைக்கேல் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவருள் இவரே மூத்தவர். தந்தையார் மாவு ஆலை நடத்தியவர். சிறுமியாயிருந்தபோது, தம் பழுப்பு நிறக் கண்கள் நீலமாக மாறவேண்டும் என்று இரவில் இறைவனை வேண்டிப் படுத்தாராம். காலையில் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்தாராம். அந்தப் பழுப்புக் கண்கள் பிற்காலத்தில் நம் நாட்டு உடைக்கு எவ்வளவு பொருந்தின என்பதை அவரே வியந்து நினைத்ததுண்டு.

1885இல் தந்தையார் மறைந்தார். பெல்பாஸ்டு நகரின் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களை அக்காலக் கனவான்கள் தம் அருகில் அமரவும் விரும்பவில்லை. தொப்பி வாங்க வழியின்றித் தலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்த அப்பெண்களுக்கென்று ஏமி வகுப்புகள் நடத்தினார். 1889இல் அவர்களுக்காக ஒரு தகரக் கூடமும் எழுப்பினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்னர் 1893இல் சப்பானுக்குச் சென்றார். உடல்நலம் இடங்கொடாமையால் அங்கு நீடிக்க இயலவில்லை. இளமை முதலே நரம்புவலி அவரை வாட்டியது. இத்தகைய உடலுக்கு வெப்ப நாடு ஆகாது என்றே பலரும் கருதியிருப்பர். ஆனால் 1895இல் பெங்களூர் வந்து, பின்பு திருநெல்வேலிச் சீமையை அடைந்தவர், அடுத்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை.

அவர் வந்த நோக்கம் கிறித்தவ சமயத்தைப் பரப்புவதே. இதை மறைத்து எழுதுவது முறையன்று. அந்நோக்கத்தில் நமக்கு உடன்பாடு இல்லை. நம் நாட்டு வழிபாட்டைப்பற்றி அவர் எழுதியவற்றுள் கடுமையான பகுதிகளும் உண்டு. ஆனால் சமயம் பரப்ப வந்தவரின் வாழ்வைத் திசைமாற்றியது ஒரு குழந்தை. 1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பிரீனா என்பது அவள் பெயர். அவள் மடியில் அமர்ந்து சொன்ன செய்திகளைக் கேட்டபின், ஊர் ஊராகச் சென்று போதிக்கும் வேலையை ஏமி சிறிது சிறிதாகக் கைவிட்டார். இத்தகைய குழந்தைகள் எங்கிருந்து வருகிறார்கள், யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று தேடத் தொடங்கினார். சேலை உடுத்துத் தமிழ் பேசிச் சென்றதால் பல இடங்களில் அவரை வேற்று நாட்டார் என்று எவரும் எளிதில் அறியவில்லை.

களக்காட்டை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள டோனாவூர் அவருடைய இருப்பிடமாயிற்று. 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்தன. தாய்ப்பால் இல்லாத பச்சிளங்குழந்தையைக் காப்பது அந்நாளில் எளிதன்று. மருத்துவ வசதி கருதி நெய்யூரில் ஒரு குழந்தைகள் இல்லம் ஏற்படுத்தினார். அங்கும் நோய் புகுந்து பல குழந்தைகள் மாண்டன. அவ்வில்லத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள் என்னும் தமிழ்ப் பெண்மணி. அயல்நாட்டவர் பெயர் மட்டும் வரலாற்றில் நிலைக்கிறது. இரவெல்லாம் தொட்டிலருகில் விழித்திருந்த பொன்னம்மாள் போன்றோரையும் நாம் மறத்தலாகாது. 1913 அளவில் குழந்தைகள் 130 பேர். 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

எதிர்ப்பும் வழக்கும் வந்தன. ஒரு சிறுமியை உறவினரிடம் ஒப்படைக்குமாறு 1911இல் நீதிமன்றம் ஆணையிட்டது. குழந்தையைக் கடத்தியவர் என்று சிறைசெல்ல நேருமோ என்ற நிலையிலும் அவர் கலங்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போன்றோரின் நெடுநாள் உழைப்பால், சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நிறைவேறியது.

டோனாவூரின் ஒரு வழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. அங்கு வந்த பல குழந்தைகளின் பிறந்தநாள் எவருக்கும் தெரியாது. ஆகவே அவர்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்த நாளையே வருகைநாள் என்று கொண்டாடினர். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில், பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத்தில் ஏதேனும் ஒரு தேதியை எழுதிவிடுவது வழக்கம். தந்தை பெயர் என்னும் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லாத ஒரு சிறுவன் என் மேசை முன் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. தேதியை எழுதினேன், அந்த நாளில் அவனுக்கு ஒரு மிட்டாயாவது கொடுக்க எனக்குத் தோன்றவில்லையே என்று இதைப் படித்தபின் வருந்தினேன்.

பொருள் வேண்டி எவரிடமும் கையேந்துவதில்லை என்பது அவருடைய நியமம். உடன் உழைத்தோர் ஊதியம் பெறவில்லை. அரசு 1919இல் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் அளித்தபோதும் அவர் கூசினார். 1931இல் களக்காட்டில் மருத்துவப் பணிக்கென ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றபோது இருளில் குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. படுக்கையிலிருந்தே நூல்கள் எழுதினார். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து பேசிச் சென்றனர்.

பெண்மக்களுக்குப் புகலிடம் அமைத்தல் நமக்குப் புதிதன்று. நம் திமிரிக்கு அருகிலுள்ள விளாப்பாக்கத்தில், முதற் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் கிணறு தோண்டியதையும், அது பெண்பள்ளிக்கு உரியதாக்கப்பட்டதையும் கல்வெட்டுக் கூறுகின்றது. பன்னிரண்டு வயதில் கைம்மை அடைந்த பண்டித சந்தாபாய் 1921இல் பீகாரின் ஆரா நகரில் ஜைன பாலா விச்ராமம் தோற்றுவித்ததையும் நம்மவர் அறிவர். ஆயினும் பெயரறியாக் கைக்குழந்தையை ஏற்கும் இல்லம் நம் ஊர்ப்பக்கத்தில் நம்மவரால் ஏன் எழவில்லை என்ற கேள்வி என்னுள் இருந்துகொண்டே இருக்கிறது. சிராவகர் சங்கக் கூட்டங்களில் இதை ஒருமுறை எடுத்துப் பேசலாம்.

ஏமி அம்மையார் 1951 ஜனவரி 18ஆம் நாள் டோனாவூரிலேயே மறைந்தார். தம் கல்லறைமேல் கல் நாட்டக் கூடாது என்று முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அதை மீறவில்லை. பறவைகள் நீர் அருந்துவதற்கான கற்றொட்டி ஒன்றை அவ்விடத்தில் வைத்து, அதில் அம்மா என்ற ஒரே சொல்லைப் பொறித்தனர்.