ஓரியூர் மணலில் சாய்ந்த துறவி

1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி. அன்று விபூதிப் புதன். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள். மறவர் சீமையில், பாம்பாற்றின் கரையிலுள்ள ஓரியூரில் ஒரு மணல் மேட்டைச் சுற்றி ஜனங்கள் கூடியிருந்தார்கள். காவி உடுத்த துறவி ஒருவர் முழந்தாளிட்டார். வாள் வீசப்பட்டது. தலை உருண்டது.

அவர்தான் அருளானந்தர். போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. சாகும்போது அவருக்கு வயது 45.

அரண்மனைப் பிள்ளை

1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி லிஸ்பன் நகரில் பிரபு குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். சிறு வயதில் தந்தையை இழந்தார். அரண்மனையில் இளவரசர் பெட்ரோவுக்குத் தோழனாக வளர்ந்தார். கடும் நோய் ஒன்று கண்டபோது, மகன் பிழைக்க வேண்டுமென்று தாய் சவேரியாரிடம் நேர்ந்து கொண்டாள். மகன் பிழைத்தான். சவேரியாரின் வழியே தன் வழி என்று அவன் மனத்தில் அப்போதே பதிந்து விட்டது.

15-வது வயதில் சேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். மகனைத் தடுத்து நிறுத்தத் தாய் எவ்வளவோ முயன்றாள், முடியவில்லை.

மதுரை மிஷன்

தத்துவ போதகர் எனப்படும் ராபர்ட் டி நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்து தொடங்கிய பணி அது. பரங்கி உடையையும் உணவையும் விட்டு, துறவிக் கோலத்தில் தமிழிலேயே போதித்தவர் நொபிலி. அருளானந்தரும் அந்த வழியைப் பின்பற்றினார். பண்டார சுவாமியாக உடுத்தார், மாமிசத்தைத் தொடவில்லை. வெயிலிலும் வெள்ளத்திலும் ஊர் ஊராக நடந்தார். தமிழ் கற்றார். உபதேசியார்களைப் பழக்கினார்.

1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டார். அவரும் உபதேசியார்களும் கொடிய சித்திரவதைக்கு ஆளானார்கள். கடைசியில் கிழவன் சேதுபதி அவரை வரவழைத்து விசாரித்து, தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுதலை செய்தார்.

திரும்பியது ஏன்?

பிறகு சபை வேலையாக லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டார். பழைய தோழர் பெட்ரோ இப்போது மன்னர். இளவரசருக்கு ஆசானாக இங்கேயே தங்கிவிடும்படி அவர் வற்புறுத்தினார். தாயும் அங்கே இருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை, ஊரார் மரியாதைக்கும் குறைவில்லை. ஆனாலும் 1690-ல் அவர் மீண்டும் இந்தியா வந்து சேர்ந்தார். தடை விதிக்கப்பட்ட சீமைக்குள்ளேயே நுழைந்தார்.

தம்மைக் கொல்லக்கூடிய மண்ணுக்கு ஒருவர் ஏன் திரும்ப வேண்டும்? இதற்கு விடை அவருடைய மதத்தின் அடிப்படையில் இருக்கிறது. ஏசுநாதர் சிலுவையில் மாண்டதும் சீடர்கள் பயந்து, கதவை அடைத்துக்கொண்டு ஒளிந்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவர் உயிர்த்தெழுந்தார் என்று அவர்கள் நம்பிய பிறகு அந்தக் கதவு திறந்தது. மரணமே முடிவில்லை என்றால் பயம் எதற்கு? ஒளிந்தவர்கள் உலகெங்கும் புறப்பட்டார்கள். நேரில் கண்டாலன்றி நம்ப மாட்டேன் என்ற தோமையாரே மயிலாப்பூர் வரை வந்தார் என்பது நம் நாட்டு மரபு. உயிர்த்தவரை நம்புகிறவன் வீட்டுக்குள் இருக்க முடியாது. புறப்பட்டே ஆக வேண்டும். அருளானந்தரும் அப்படிப் புறப்பட்டவர்தான்.

ஒரு பெண்ணின் கண்ணீர்

மறவர் சீமைப் பிரமுகரான தடியத் தேவர் கடும் நோயில் விழுந்தார். உபதேசியார் ஒருவர் அவருக்காக ஜெபித்தார். குணமடைந்த தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்க வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்தார்.

விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் நெருங்கிய உறவினள். புதிய மார்க்கம் தன் வாழ்வைப் பறித்து விட்டது என்று அவள் ராமநாதபுரத்துக்குப் போய் முறையிட்டாள். அவளுடைய துயரம் பொய்யல்ல. தடையை மீறி வந்த அந்நியர் தம் குடும்பத்தையே கலைத்து விட்டார் என்று சேதுபதி சினந்தார். தடியத் தேவர், சேதுபதியின் ஆசனத்துக்கே உரிமை கொண்டாடக் கூடியவர் என்பதும் அந்தச் சினத்தை வளர்த்தது.

1693 ஜனவரி 8-ந் தேதி அருளானந்தர் கைதானார். ராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் கலகம் மூளுமோ என்ற அச்சத்தால் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே சிறையில் மை கிடையாது. கரியைக் கரைத்து மையாக்கி, சக துறவிகளுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் தமக்காக இரங்கவில்லை. சாவை மகிழ்ச்சியோடு எதிர்பார்த்தார். மறுநாள் அவர் மேட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

திருநாள் உடை

அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு மார்ச் 22-ந் தேதி வந்தது. அந்தத் திருநாள் அதற்கு முன்னதாக எந்த ஆண்டிலும் வர முடியாது. அதைக் காண அருளானந்தர் இல்லை.

ஆனால் அவர் விட்ட பணி நிற்கவில்லை. அவருக்குப் பின் மதுரை மிஷனுக்கு வந்தவர்களில் ஒருவர்தான் வீரமாமுனிவர். 1947-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி போப்பாண்டவர் 12-ம் பத்திநாதர் அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஓரியூரின் சிவந்த மணல் அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது ஜனங்களின் நம்பிக்கை. மத பேதமின்றி மக்கள் அங்கே வந்து அந்த மணலை எடுத்துச் செல்கிறார்கள்.

அவருடைய மரணச் செய்தி லிஸ்பனை எட்டியபோது அங்கே நன்றி வழிபாடு நடந்தது. ஒரு காலத்தில் மகனைப் போகவிடாமல் தடுத்த தாய் அதற்கு வந்தாள். அன்று அவள் துக்க உடை உடுத்தவில்லை. திருநாள் உடை உடுத்தி வந்தாள்.