இருளைத் தேடிச் சென்ற வைணு பாப்பு

இராயபுரத்திலோ எண்ணூரிலோ இரவில் மொட்டை மாடியேறி மேலே நோக்கும் மாணவ நண்பர்களுக்குத் தெரிவதென்ன? துறைமுக விளக்குகளின் மங்கலான படலமும், அதையும் மீறி மினுக்கும் நாலைந்து விண்மீன்களுமே! இந்தச் சென்னையில்தான் 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் பிறந்தார், இந்திய நவீன வானியலின் தந்தையெனப் போற்றப்படும் வைணு பாப்பு. முழுப்பெயர் மணலி கல்லட் வைணு பாப்பு. நம் திருவொற்றியூருக்கு அடுத்த மணலி என்று எண்ணிவிட வேண்டாம். அது மலபார்க் குடும்பப் பெயர்.

தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தவர். எனவே தொலைநோக்கி இவருக்கு இளமையிலேயே பழகிய பொருள். நம்மில் பலருக்கு வாய்க்காத பேறு! நிஜாம் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். அங்கே 1949இல் புகைப்படத் தகடொன்றில் புதிய வால்மீனைக் கண்டார். பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீன் என்று அது பெயர் பெற்றது. 1957இல் வில்சனுடன் இணைந்து, விண்மீனின் நிறமாலையில் கால்சியம் கோட்டின் அகலத்தைக் கொண்டே அதன் உண்மை ஒளித்திறனைக் கணிக்கலாம் என்று காட்டினார். வில்சன்-பாப்பு விளைவு என இன்றும் பாடநூல்களில் நிற்பது அதுவே.

அந்நாளில் மங்கலான வான்பொருளைப் பிடிக்க ஒரே தகட்டை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். தொலைநோக்கியும் விண்மீனைப் பின்தொடர்ந்தபடியே இருக்க வேண்டும். இன்று நம் தெருத் திருமணப் புகைப்படக்காரரின் டிஜிட்டல் கேமரா போதும். ஐந்தைந்து வினாடியாக நூறு படங்கள் எடுத்து, விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு கணினியில் அடுக்கிச் சராசரி காண வேண்டும். வான்பொருளின் ஒளி அப்படியே நிற்கும். இங்குமங்கும் சிதறும் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். நூறின் வர்க்கமூலம் பத்தல்லவா! மூடியிட்டு எடுத்த படங்களைக் கழித்தால் கேமராவின் சொந்தக் குறைகளும் நீங்கும். ஆனால் ஊர் வெளிச்சம் மட்டும் எளிதில் விடுவதில்லை. அதன் சராசரியைக் கழித்துவிடலாம். அது விட்டுச்சென்ற இரைச்சலைக் கழிக்க இயலாது. அதைக் குறைக்க இன்னும் பன்மடங்கு படங்கள் வேண்டும், இல்லையேல் இருண்ட வானம் வேண்டும்.

பாப்பு தேடியதும் அந்த இருளைத்தான். வெளிநாட்டு வாய்ப்புகளை விட்டுத் தாயகம் திரும்பி, நைனிடால் வானாய்வகத்தை வளர்த்தார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்றார். இரவு நோக்கலுக்கு ஏற்ற இடம் தேடி, வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி என அங்கே வரிசையாக எழுந்தன. 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைமையும் இவரை வந்தடைந்தது.

இவருடைய பெருங்கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதை நம் நாட்டிலேயே உருவாக்க வேண்டுமென்று உறுதியாக நின்றார். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் பணி பெங்களூரில் நடந்தது. பணி முடியுமுன்னே, 1982 ஆகஸ்ட் 19இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார், வயது 55. தொலைநோக்கி 1985இல் இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அதற்கு அவர் பெயரையே சூட்டினர்.