சங்கரதாஸ் சுவாமிகள்: எமனாக மிரட்டியவர் நடிப்பை ஏன் விட்டார்?

தென் மாவட்டக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை எழுதியவர், ஒரு காலத்தில் மேடையில் ஊரையே நடுங்க வைத்த நடிகர்.

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர் சங்கரதாஸ். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். சின்ன வயதிலேயே வெண்பா எழுதினார். உப்பளத்தில் கணக்கர் வேலை. 24 வயதில் அதை உதறிவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார்.

எமன், சனீஸ்வரன், ராவணன், இரணியன் என எல்லாமே பயங்கரமான வேடங்கள். ‘சாவித்திரி’ நாடகத்தில் எமனாக அவர் பாய்ந்து வந்ததைப் பார்த்த கர்ப்பிணி ஒருவருக்கு அதிர்ச்சியில் கரு கலைந்துவிட்டதாம். அதில் மனசு உடைந்துபோய்த்தான் வேடம் போடுவதையே நிறுத்தினார் என்று நாடக உலகில் சொல்வதுண்டு.

வேடத்தை விட்டாரே தவிர, நாடகத்தை விடவில்லை. அப்போதெல்லாம் நடிகர்கள் மேடையில் இஷ்டத்துக்கு வசனம் பேசுவார்கள். அதற்குக் கடிவாளம் போட்டது அவர் பேனா. பாட்டு, வசனம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார்.

பெரியவர்கள் சொன்னபடி கேட்கவில்லை என்றதும் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்த பிள்ளைகள்தான்.

கடைசியில் பக்கவாதம் தாக்கி, பேச்சு நின்றுபோனது. அப்போதும் குழுவைப் பிரியவில்லை. 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் இறந்தார். அவர் எழுதிய பாட்டுகள் மட்டும் இன்னும் மேடை இறங்கவில்லை.