நாணலின் அருமை அறிந்தவர்

நுழையுமுன்

பொங்கல் நெருங்கும் நாள்களில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கரும்புக் கட்டுகள் வந்து இறங்கும். மாசி மாதத்தில், ஆற்றுக்கால் பொங்கலைக்கு வெல்லமும் அரிசியும் வாங்க வருவோர் கூட்டத்தால் அதே தெரு நிறைந்திருக்கும். நாம் சுவைக்கும் கரும்பின் வரலாற்றில், ஆற்றங்கரையில் எவரும் நடாமலே வளரும் ஒரு புல்லுக்கும் பங்கு உண்டு. அப்புல்லை ஆராய்ந்து அதன் அருமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர், மலையாள மண்ணில் பிறந்து, சென்னையில் கற்று, கடல் கடந்து புகழ்பெற்ற ஒரு பெண்மணி. தாவரவியல் அறிஞர் இ. கே. ஜானகி அம்மாளின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

தோட்டம் சூழ்ந்த இல்லம்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். அந்நாளில் தலச்சேரி சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊராக இருந்தது. தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். பறவைகளையும் செடிகொடிகளையும் கூர்ந்து நோக்குவதில் பேரார்வம் கொண்டவர். வீட்டைச் சுற்றி அவர் தோட்டம் அமைத்திருந்தார். பத்தொன்பது பிள்ளைகள் நிறைந்த அப்பெரிய குடும்பத்தில் ஜானகி பத்தாவதாகப் பிறந்தார். செடிகளின் மீது அவருக்கு ஏற்பட்ட பற்று, அத்தோட்டத்தில் தொடங்கியது.

தலச்சேரியில் பள்ளிக் கல்வியை முடித்தவர், சென்னை இராணி மேரி கல்லூரியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாக இருந்த காலம் அது. அவர் பிறந்த தீயர் சமூகத்தினரும் அன்றைய சாதிக் கட்டுகளால் இன்னல் உற்றிருந்தனர். ஜானகிக்கு உறவினர் ஒருவரை மணமுடிக்கக் குடும்பத்தார் எண்ணியிருந்தனர். அவ்வேளையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்குப் பார்பர் உதவித்தொகையை வழங்கியது. ஜானகி திருமணத்தை விடுத்துக் கல்வியைத் தேர்ந்தெடுத்தார். இறுதிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

கடல் கடந்த கல்வி

விமானப் பயணம் எளிதாகக் கிட்டாத அக்காலத்தில், அமெரிக்காவுக்குக் கப்பலில்தான் செல்ல வேண்டும். 1924இல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தபோது, குடியேற்ற அதிகாரிகள் அவரை எல்லிஸ் தீவில் நிறுத்திவைத்தனர். பட்டாடையும் நீண்ட கூந்தலுமாக நின்ற அவரை இந்திய இளவரசி என்றே சிலர் கருதினராம். அவ்வாறு வினவியவர்களுக்கு அவர் மறுப்பும் சொல்லவில்லையாம்!

மிச்சிகனில் முதுகலைப் பட்டம் பெற்று நாடு திரும்பியவர், மீண்டும் அங்குச் சென்று 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் நூலிழை போன்ற நுண்பொருள்கள் உள்ளன. அவற்றைக் குரோமோசோம்கள் என்பர். ஒரு செடியின் இயல்புகளை அதன் வழித்தோன்றலுக்குக் கொண்டு செல்பவை அவையே. வேரின் நுனியைச் சிறிதளவு எடுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து அவற்றைப் பொறுமையுடன் எண்ணுவது ஜானகி அம்மாளின் வாழ்நாள் பணியாயிற்று. ஒரு செடி எங்கே தோன்றியது, எவற்றோடு உறவுடையது என்பதை அவ்வெண்ணிக்கை வழியே அவர் அறிந்தார்.

திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள்

நாடு திரும்பிய ஜானகி அம்மாள், 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். சாலைக் கடைத்தெருவிலிருந்து சிறிது தொலைவில் பாளையத்தில் இன்று விளங்கும் பல்கலைக்கழகக் கல்லூரி, அக்கல்லூரியின் வழிவந்ததே. நாம் அன்றாடம் கடந்து செல்லும் நகரில் அவர் வகுப்பெடுத்தார் என்பது நமக்குப் பெருமை தருவது அன்றோ?

கரும்பும் நாணலும்

1934இல் அவர் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அந்நிலையம் 1912இல் தொடங்கப்பெற்றது. அதன் நோக்கத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

கரும்பில் பல வகைகள் உள்ளன. நியூகினித் தீவில் தோன்றிய தடித்த கரும்பு மிக்க இனிப்புடையது. ஆயினும் வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்க இயலாதது. நம் நாட்டு ஆற்றங்கரைகளில் தானே வளரும் நாணல், கரும்பின் நெருங்கிய உறவு. அதில் இனிப்பு மிகக் குறைவு. ஆனால் வெள்ளத்தையும் வறட்சியையும் எதிர்த்து நிற்கும் வலிமை மிகுதி. கூரை வேயவும் பாய் முடையவும் மட்டுமே பயன்படுவதாகக் கருதப்பட்ட அந்நாணலையும் இனிய கரும்பையும் கலந்தால், இனிமையும் வலிமையும் ஒருங்கே அமையும் அல்லவா? பார்பர், வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள் அவ்வழியில் உருவாக்கிய கோ 205 என்னும் வகை 1918இல் வெளிவந்தது. கோ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும் முதலெழுத்தாகும்.

இம்முயற்சிக்கு உறுதியான அறிவியல் அடிப்படை தேவைப்பட்டது. அதனை வகுத்துத் தந்தவர்களுள் ஜானகி அம்மாள் முதன்மையானவர். நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை இடத்துக்கு இடம் வேறுபடும். 40 முதல் 128 வரை அது அமையும். அவ்வேறுபாடுகள் எந்தெந்த நிலப்பகுதிகளில் காணப்படுகின்றன என்று ஆராய்ந்து, நாணல் இந்தியாவிலேயே தோன்றியது என அவர் நிறுவினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதிய செடியை உருவாக்கி, 1938இல் அதனை உலகுக்கு அறிவித்தார். தனித்து வாழும் பெண் என்பதாலும் பிறந்த சமூகத்தாலும் அவருக்குப் பணியிடத்தில் இடர்கள் நேர்ந்தன. எனினும் அவர் நுண்ணோக்கியை விட்டு அகலவில்லை.

குண்டுமழைக்கு நடுவே

1939இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மரபியல் மாநாட்டில் பங்கேற்க அவர் மீண்டும் கடல் கடந்தார். அவ்வேளையில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. நாடு திரும்ப வழியின்றி, இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொள்வார். பகலில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு ஆய்வைத் தொடர்வார். அந்நிறுவனத்தில் அவருடைய அணிற்பிள்ளை ஒன்றும் வளர்ந்தது. இந்தியாவிலிருந்து எவருக்கும் தெரியாமல் அவர் கொண்டு சென்ற அவ்வணிலின் பெயர் கபோக்.

அறிஞர் டார்லிங்டனுடன் இணைந்து அவர் எழுதிய, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் விவரத் தொகுப்பு 1945இல் வெளிவந்தது. பின்னர் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் அறிவியலாளராகச் சேர்ந்தார். அங்கு ஊதியம் பெற்றுப் பணியாற்றிய முதல் பெண் அறிவியலாளர் அவரே. நம் சண்பகத்தின் உறவான மக்னோலியா மரங்களின் மீது அவர் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு ஆய்வு செய்தார். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் அந்த நச்சுப்பொருள் உள்ளது. அவருடைய பெயர் தாங்கிய மக்னோலியா வகை வெண்ணிற மலர்களைப் பூப்பது.

தாய்நாட்டின் அழைப்பு

விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமையமைச்சர் நேரு, நாட்டின் தாவர வளத்தை ஆராயும் பணிக்கு அவரை அழைத்தார். அதனை ஏற்று 1951இல் அவர் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டு, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாடெங்கும் பயணம் செய்த அவர், உணவு உற்பத்தியைப் பெருக்கும் வேகத்தில் காடுகள் அழிவதைக் கண்டு வருந்தினார். ஒருமுறை ஷில்லாங்கிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று, அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஓர் அரிய மக்னோலியா மரத்தைத் தேடினார். அம்மரம் தீக்கிரையாகியிருந்தது. 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதனால் நிலவுலகம் மாறுவது குறித்து நடந்த கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அறிஞர் அவர்தாம். தம் உணவுக்காகவே பயிரிட்டு வாழும் எளிய மக்களின் வாழ்க்கை முறையைப் பற்றி அவர் அங்கு உரையாற்றினார். பழங்குடி மக்கள் செடிகளைப் பயன்படுத்தும் முறைகளையும் அவர் மதித்துத் திரட்டினார்.

அமைதிப் பள்ளத்தாக்கு

பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழா பாயும் மழைக்காட்டுக்கு அமைதிப் பள்ளத்தாக்கு என்று பெயர். சிங்கவால் குரங்குகள் வாழும் அக்காட்டில் அணை கட்டி மின்சாரம் எடுக்க அரசு திட்டமிட்டது. மலபார்ப் பகுதிக்கு மின்சாரம் தேவை என்பது ஒரு தரப்பு. ஒருமுறை நீரில் மூழ்கிய காடு மீண்டும் கிட்டாது என்பது மற்றொரு தரப்பு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், கவிஞர் சுகதகுமாரி போன்றோரும் காட்டுக்காகக் குரல் கொடுத்தனர்.

அப்போது ஜானகி அம்மாளுக்கு எண்பது வயது. ஓய்வை நாடாமல் அவரும் அப்போராட்டத்தில் இணைந்தார். அழிவதற்கு முன் அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து பதிவு செய்ய முற்பட்டார். ஏன்? ஆற்றங்கரை நாணல் இல்லையேல் வலிய கரும்பு இல்லை. அதுபோல நாளைய உணவுக்கும் மருந்துக்கும் வேண்டிய உறவுச்செடி எந்தக் காட்டில் நிற்கிறது என்பதை இன்று எவரும் அறியார். பயனற்றது என்று எண்ணி ஒன்றை அழித்தபின், அதன் பயனை அறிந்து என்ன பயன்?

மதுரவாயலில் இறுதி நாள்கள்

1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் ஆய்வுக்களத்தில் அவர் வாழ்ந்தார். அங்கு மூலிகைத் தோட்டம் வளர்த்தார். பூனைகள் பல சூழ, மஞ்சள் நிறச் சேலையில் எளிமையாக வாழ்ந்தார். 1977இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், ஆய்வுப் பணியில் ஈடுபட்டிருந்த நிலையிலேயே இயற்கை எய்தினார்.

அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. ஆனால் காடு இருக்கிறது. கொடைக்கானலில் உருவாக்கப்பெற்ற மஞ்சள் ரோஜா ஒன்றும் இன்று அவர் பெயரைத் தாங்கி மலர்கிறது.

சொல்லும் பொருளும்

முடைதல் – பின்னுதல்
இடர் – துன்பம்
நிறுவுதல் – சான்றுடன் நிலைநாட்டுதல்
தீக்கிரையாதல் – தீயில் எரிந்துபோதல்

சிந்தித்து எழுதுக

1. கரும்புடன் நாணலைக் கலந்ததன் நோக்கம் யாது?
2. மின்சாரம் வேண்டும், காடும் வேண்டும் என்னும் நிலையில் நீவிர் எதனைத் தேர்ந்தெடுப்பீர்? காரணத்துடன் எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியோர் சொந்த ஊரில் உணவுக்கோ மருந்துக்கோ பயன்படுத்திய செடி ஒன்றின் பெயரைக் கேட்டறிக. அதனை மலையாளத்தில் எவ்வாறு அழைப்பர் என்பதைச் சாலைக் கடைத்தெருவில் வினவி, இரு பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதுக.