நற்பெயரை உழைத்துத் தேடிய கீச்சிரோ டொயோடா

நாம் நாள்தோறும் சாலையில் காணும் மோட்டார் வண்டிகளுள் டொயோட்டா என்னும் பெயர் தாங்கியவை பல. எளிதில் பழுதாகாத வண்டி என்று பெரியோர் அதனைச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த நற்பெயர் ஒரே நாளில் வந்ததன்று. ஒரு முறை வந்தபின் நிலையாக நின்றதுமன்று. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த கீச்சிரோ டொயோடா அவர்களின் வாழ்க்கை இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகிறது.

கீச்சிரோ 1894ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 11ஆம் நாள் ஜப்பான் நாட்டின் சிசுவோக்கா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இவருடைய தந்தையார் சாக்கிச்சி ஒரு தச்சரின் மகன். நெசவுத் தறிகளைத் திருத்தி அமைப்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். 1924ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் உடனே தானே நின்றுவிடும். பழுதுள்ள துணியை மேலும் மேலும் நெய்துகொண்டே போவதைவிட, வேலையை நிறுத்திக் குறையைக் களைவதே மேல் என்னும் பாடத்தைத் தந்தையாரின் தறியிலிருந்தே கீச்சிரோ கற்றார்.

தோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்ற கீச்சிரோ, மேலை நாடுகளுக்குச் சென்று அங்குள்ள தொழிற்சாலைகளையும் கண்டு வந்தார். அக்காலத்தில் ஜப்பானியச் சாலைகளில் அமெரிக்க வண்டிகளே மிகுதியாக ஓடின. தம் நாட்டவரும் வண்டி செய்தல் வேண்டும் என்று உறுதி பூண்ட அவர், 1933ஆம் ஆண்டில் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார் வண்டிப் பிரிவைத் தொடங்கினார்.

தொடக்கம் இனிதாக அமையவில்லை. என்ஜினுக்குரிய இரும்பு வார்ப்புகள் பல வெடிப்புற்று வீணாயின. 1935ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் லோரிகள் அடிக்கடி பழுதாகி வழியில் நின்றன. இத்தகைய நிலையில் குறையை மறைத்து விற்போரும் உண்டு. கீச்சிரோவின் குழுவினர் அவ்வாறு செய்யவில்லை. தொழிற்சாலைக்கு அருகில் உள்ளவர்களுக்கே முதலில் விற்றனர். வண்டி நின்றுவிட்டது என்ற செய்தி வந்ததும் ஆட்கள் கருவிகளுடன் விரைந்து சென்று பழுது பார்த்தனர். எந்தப் பாகம் உடைந்தது, ஏன் உடைந்தது என்று ஆராய்ந்து, அடுத்து வரும் வண்டிகளில் அதனைத் திருத்தினர். பழுதான ஒவ்வொரு லோரியும் அவர்களுக்கு ஓர் ஆசிரியர் ஆயிற்று.

1937ஆம் ஆண்டில் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியே நிறுவப்பட்டது. மறு ஆண்டு கொரோமோ என்னும் ஊரில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. தேவையான பொருள், தேவையான நேரத்தில், தேவையான அளவே வர வேண்டும் என்னும் முறையைக் கீச்சிரோ அங்கு வகுத்தார்.

போருக்குப் பின் பெருஞ்சோதனை வந்தது. 1949ஆம் ஆண்டில் நாடெங்கும் பணத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வண்டிகளை வாங்கியோர் பணம் செலுத்த இயலவில்லை. தொழிலாளரை நீக்குவதில்லை என்று நிறுவனம் வாக்களித்திருந்தது. அதற்கு ஈடாகத் தொழிலாளரும் ஊதியக் குறைப்பை ஏற்றிருந்தனர். எனினும் 1950ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,600 பேரை அனுப்ப வேண்டிய நிலை வந்தது. வேலை நிறுத்தம் மூண்டது. வாக்குத் தவறியதற்குப் பொறுப்பேற்ற கீச்சிரோ, ஜூன் திங்களில் தலைவர் பதவியைத் துறந்தார். வேலை இழந்த குடும்பங்களின் துன்பத்தை அது தீர்த்துவிடவில்லை. ஆயினும் தொழிலாளர் வெளியேறும்போது தலைவர் மட்டும் நாற்காலியில் அமர்ந்திருக்கவில்லை. 1952ஆம் ஆண்டில் மீண்டும் பதவி ஏற்க இசைந்த அவர், அதற்குள் மார்ச் 27ஆம் நாள், 57ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்த பின்னரும் சோதனைகள் தொடர்ந்தன. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா கிரவுன் வண்டிகள், அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் விரைவைத் தாங்காமல் திணறின. நிறுவனம் அவ்விற்பனையை 1960ஆம் ஆண்டில் நிறுத்தியது. தரத்தைப் பேணுதல் தொழிற்சாலையில் உள்ள ஒவ்வொருவரின் கடமை ஆயிற்று. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்னும் முறையும் பின்னர் வேரூன்றியது. 1965ஆம் ஆண்டில், தரத்திற்குரிய டெமிங் பரிசு டொயோட்டாவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் அமெரிக்கா சென்ற கொரோனா வண்டி நற்பெயரை மீட்டது.

அவ்வாறு வளர்ந்த பெயரும் 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஆட்டங்கண்டது. விரைவு மிதியின் குறைகளால் பல இலட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கீச்சிரோவின் பேரர் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் தோன்றி வருத்தம் தெரிவித்தார். குறைகளைப் பற்றி மக்களுக்கு உண்மையை முழுமையாகக் கூறாததற்காக, 2014ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. பழுதைவிட, பழுதை மறைப்பதே பெரிய கேடு என்பதை உலகம் கண்டது.

மாணவச் செல்வங்களே! கணக்கில் பிழை நேர்ந்தால் ஏட்டை மூடி மறைக்காதீர்கள். எங்கே பிழைத்தது என்று தேடுங்கள். பெற்றோர்களே! பிள்ளை தன் பிழையைத் தானே வந்து சொல்லும்போது, முதலில் அதன் உண்மையைப் பாராட்டுவோம். பால்மரம் சீவும் கையாயினும், இயந்திரம் இயக்கும் கையாயினும், செய்யும் வேலையின் செம்மையே நமக்குப் பெயர் தேடித் தரும். அப்பெயரை நாள்தோறும் உழைத்துக் காப்போமாக!